ஒரே மரம், மூன்று டிஸ்குகள்

பழைய கணினியொன்றில் 2, 4, 6 ஜிபி கொள்ளளவுள்ள மூன்று ஹார்ட் டிஸ்குகள் இருக்க, இவற்றுள் எதிலும் லினக்ஸ் தாராளமாக அடங்காதே என்று ஏங்குகிறவர், அதன் சுபாவத்தை இன்னும் அறியாதவர் என்றே சொல்லவேண்டும். விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்குக்கும் சி, டி என்று எழுத்திட்டுத் தனிக்குடித்தனம் வைத்துவிடுகிறது. லினக்ஸிலோ, யூனிக்ஸ் சம்பிரதாயப்படி, 'ரூட்' ஒன்றே மூலமாகவும் ஏனைய அடைவுகள் அதன் கிளைகளாகவும் அமைவதால், எந்தக் கிளை எந்த டிஸ்கில் வாசம் செய்கிறது என்பது உபயோகிப்பவர் கண்ணில் படுவதே இல்லை. இன்ன பார்ட்டிஷன் இன்ன அடைவில் என்னும் ஜாபிதா 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில் வரிவரியாக இருக்கிறது. கணினி விழிக்கும்போதெல்லாம் அதைப் படித்தே கிளைகளைப் பொருத்துகிறது.

ஆகவே 4 ஜிபியை ரூட்டுக்கும், 6 ஜிபியைச் சொந்தக் கோப்புகள் தங்கும் 'ஹோம்' அடைவுக்கும் ஒதுக்கிவிட்டால், நாளை வேறொரு லினக்ஸை நிறுவ ரூட்டை அழித்தாலும் கடிதங்களுக்குப் பங்கமில்லை. மிஞ்சிய 2 ஜிபியில், ராம் போதாதபோது கைகொடுக்கும் 'சுவாப்' இருக்கட்டும். அதையும் ரூட் டிஸ்க் தொங்கும் கேபிளில் மாட்டாமல் மற்றொன்றில் மாட்டுவதே உசிதம்; ஏனெனில் பழைய ஐடிஇ கேபிளில் இரண்டு டிஸ்குகள் இருந்தாலும், ஒரு சமயத்தில் ஒன்றுதான் பேச முடியும். பழைய பயாஸ்கள் முதல் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் படிக்கமாட்டா என்பதால், கெர்னல் இருக்கும் 'பூட்' பார்ட்டிஷனைச் சிறியதாக, முதல் டிஸ்கின் தொடக்கத்திலேயே வைப்பது அக்கால வழக்கம்.

ஆனால் இப்படிப் பிரிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு: இத்தகைய பழைய கணினிகளில், டிஸ்கின் 512 பைட் கொண்ட முதல் செக்டாரில் பார்ட்டிஷன் அட்டவணைக்குக் கிடைப்பது 64 பைட்; பதிவொன்றுக்கு 16 பைட் வீதம் நான்கே பதிவுகள். மேலும் வேண்டுமாயின், ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' ஆக்கி அதற்குள் பிரிக்கவேண்டும். அந்த உட்பிரிவுகளின் இலக்கம் எப்போதும் 5 முதலே தொடங்கும். முதல் நான்கு இலக்கங்களும் அந்த நான்கு பதிவுகளுக்கே உரியவை என்பதால், மூன்றும் நான்கும் எங்கே போயின என்று திகைக்க வேண்டியதில்லை.

எல்லா டிஸ்குகளையும், பல டிஸ்குகளைத் தொகுக்கும் எல்விஎம் என்ற ஏற்பாட்டைக் கொண்டு, ஒரே பெருவெளியாக இணைப்பதும் சாத்தியமே. ஆனால் ஒன்று மாண்டால் அனைத்தும் நாசமாகக்கூடும் என்பதால், வயோதிக டிஸ்குகளில் எனக்கு அந்தத் துணிவு இல்லை.

பிரிக்கும் கருவியாகிய 'எஃப்டிஸ்க்', 'டபிள்யூ' விசையை அழுத்தி ஒப்புதல் தரும்வரை டிஸ்கில் எதையும் எழுதாது. அதற்கு முன் 'பி' அழுத்தினால், டிஸ்கின் அளவையும் அட்டவணையையும் காட்டும். அதைப் பாராமல், லினக்ஸ் அன்று 'எச்டிசி' என்று பெயரிட்ட டிஸ்க் என்று நினைத்து, 'எச்டிபி' என்ற வேறொரு டிஸ்கைப் பிரித்து ஃபார்மட்டும் செய்து, மூன்று வருஷத்துக் கடிதங்களை ஒரே நிமிஷத்தில் தொலைத்தவன் நான்.