இணைவட்டு

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே மாடம்பாக்கம் என்னும் ஊர் உளது. அங்குள்ள தேனுபுரீசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. கல்வெட்டறிஞர் இத்தகைய கல்லின்மேல் நனைத்த தாளைப் பரப்பித் தூரிகையால் அடித்துப் பதித்து, மை ஒற்றிப் படியெடுப்பர். பின்னொரு நாள் கல் பொரிந்து எழுத்து மறையினும், படி எஞ்சும். ஏட்டுச்சுவடிக்கும் இதுவே முறை. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல படிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார்.

கணிப்பொறியில் எழுதப்படுவனவும் அழியக்கூடியனவே. 'ஹார்டு டிஸ்க்' என வழங்கும் வன்வட்டினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும். படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், கண்ணுக்குப் புலப்படாத இடைவெளியில் மிதந்து செல்லும். இத்துணை நுட்பமான பொறி என்றேனும் ஒரு நாள் நின்றே தீரும். அந்நாள் எது என்பதை முன்னரே உறுதியாகக் கூற இயலாது.

ஆதலின், ஒரே செய்தியை இரு வட்டுகளில் ஒருங்கே எழுதும் முறை வகுக்கப்பட்டது. கண்ணாடியும் உருவமும் போல இரண்டும் ஒத்திருக்கும். 1988-இல் அமெரிக்க நாட்டுப் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்சு ஆகிய மூவரும் வட்டுத் தொகுதிகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் முதல் வகையாக நிற்பது இவ்விணைவட்டே.

மாடம்பாக்கத்துப் பள்ளியொன்றின் மதிப்பெண் பதிவேடு இவ்வாறு பேணப்படுவதாகக் கொள்க. ஒரு வட்டு பழுதாயிற்று. அலுவலகத்தில் எவரும் அதனை உணரார். மற்றொன்று வேலையை முட்டின்றி நடத்தும். இதன் பெருமையும் இதுவே, ஆபத்தும் இதுவே. எச்சரிக்கை விளக்கைப் பாராது மாதங்கள் கழியுமாயின், இரண்டாவதும் நிற்கும் நாளில் ஒன்றும் எஞ்சாது. ஒரே நாளில் வாங்கிய, ஒரே தொகுதியைச் சேர்ந்த வட்டுகள் ஏறத்தாழ ஒருங்கே மூப்படைதலும் உண்டு.

பழுது கண்டவுடன் புதிய வட்டைப் பொருத்த விரைதல் தகாது. எஞ்சிய வட்டில் உள்ளவற்றை முதற்கண் வெளியே வேறொன்றில் படியெடுத்தல் வேண்டும். ஏனெனில், இணையைப் புதுப்பிக்கும்போது அப்பழைய வட்டு தொடக்கம் முதல் இறுதி வரை படிக்கப்படும். நான்கு டெராபைட்டு வட்டை நொடிக்கு 150 மெகாபைட்டு வேகத்தில் படித்தால் ஏறத்தாழ ஏழரை மணி நேரமாகும். நெடுநாள் தொடப்படாத பகுதியில் மறைந்திருந்த பழுது அப்பொழுது வெளிப்படக்கூடும்.

அடுத்து, பழுதுற்றது எது என்பதனை வட்டின்மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணைக் கொண்டு அறிதல் வேண்டும். ஊகத்தால் கழற்றி, நல்லதை வெளியே இழுத்துவிட்டுத் திகைப்பவர் உண்டு. புதிய வட்டு பழையதினும் சிறிதாதல் கூடாது. விலைச்சீட்டில் ஒரே அளவு குறித்த இரண்டும் உள்ளளவில் சிறிது வேறுபடலாம்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது திசைப் பிழை. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கட்டளையிட்டால், வெறுமையான வட்டு நிறைவான வட்டின்மேல் படியும். பொறி வினவாது, இட்ட கட்டளையைப் பணிவுடன் செய்து முடிக்கும்! அதனாற்றான் வெளியே ஒரு படி வைக்கச் சொன்னது.

இணைவட்டு காக்கவியலாத இழப்புகளும் உள. ஒரு கோப்பைத் தவறி அழித்தால் இரண்டிலும் அக்கணமே அழியும். 2015-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரு வட்டுகளும் ஒருங்கே மூழ்கும். வேறிடத்தில் வைத்த படியே அப்பொழுது உதவும்.

புதிய இணை முழுமையுற்று, சில கோப்புகளைத் திறந்து சரிபார்த்த பின்னரே பழைய வட்டைக் கழித்தல் முறை. அதனையும் அப்படியே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பலாகாது. பழுதுற்ற வட்டினுள்ளும் மாணவர் மதிப்பெண்கள் இருக்கும். தட்டுகளைத் துளையிட்டோ உடைத்தோ அனுப்புவர்.