பொத்தானை அழுத்தினால் போதுமா?

உங்கள் மகனோ மகளோ ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறாரா? அங்கே என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். "எம்.ஐ.எஸ். ரிப்போர்ட் போடுகிறேன்" என்ற விடை வரக்கூடும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸானும் கார் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து உதிரிபாக நிறுவனங்களும் பெருகின. சேரப்பணஞ்சேரி போன்ற சிற்றூர்களும் இத்தொழில் வட்டத்துக்குள் வந்துவிட்டன. எத்தனை பாகங்கள் தயாராயின, எத்தனை ரிஜெக்ட் ஆயின, எத்தனை லாரி ஏறின என்பனவெல்லாம் ஷிப்டுதோறும் எக்ஸெல் கோப்புகளில் பதிவாகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, நகலெடுத்து, ஒட்டி, கூட்டி மேலாளரிடம் சேர்ப்பதே அந்த ரிப்போர்ட். காலைப்பொழுது அதிலேயே கழிந்துவிடும்.

இதனைக் கணிப்பொறியே செய்துகொள்ள வழியுண்டு. எக்ஸெலில் உள்ள 'பவர் குவரி' என்னும் வசதி, ஒரே மாதிரி அமைந்த கோப்புகள் அனைத்தையும் ஒரே அட்டவணையாகச் சேர்த்துத் தரும். 'மேக்ரோ' எழுதினால் கூட்டுதலும் அச்சுக்கேற்ற அமைப்பும்கூடத் தாமே நடைபெறும். வழிமுறையை ஒருமுறை அமைத்துவிட்டால் மறுநாள் முதல் ஒரு பொத்தான் போதும். கலைப்பட்டம் பெற்ற பிள்ளைகளும் தயங்காமல் கற்கலாம். இதற்குப் பெரிய கணித அறிவு வேண்டியதில்லை.

அப்படியாயின் பிள்ளையின் வேலை போய்விடாதா? நகலெடுத்து ஒட்டுவது மட்டுமே அவர் வேலையாயின், போகத்தான் செய்யும், மறைப்பதில் பயனில்லை. ஆயினும் இயந்திரம் தந்த கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டும். 2020இல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

கொரோனா பரிசோதனை முடிவுகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை தானியங்கி முறையில் எக்ஸெலின் பழைய வகைக் கோப்பில் சேர்த்து வந்தது. அவ்வகைக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. ஒவ்வொரு நோயாளிக்கும் பல வரிகள் தேவைப்பட்டதால், ஏறத்தாழ 1,400 பேருடன் ஒரு கோப்பு நிரம்பியது. மிஞ்சியவை சத்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் அன்றாட எண்ணிக்கையில் ஏறவில்லை. முடிவு அவரவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியோரை உரிய காலத்தில் தேடி எச்சரிக்க இயலாமற் போயிற்று.

புதிய வகைக் கோப்பு 10,48,576 வரிகளை ஏற்கும். எனினும் ஆண்டுக்கணக்கில் சேரும் பதிவுகளைத் தரவுத்தளத்தில் வைத்து, அறிக்கைக்கு மட்டும் எக்ஸெலைப் பயன்படுத்துவதே முறை. சிறு வலைகளும் உண்டு: பாக எண் 0045 என்று தட்டினால் 45 ஆகிவிடும், 3-12 என்பது தேதியாக மாறிவிடும். அந்நிரலை முன்னரே 'டெக்ஸ்ட்' என அமைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

பள்ளிவாசல் சந்தாக் கணக்கு எழுதும் பெரியவர், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணிய பின்னரே மொத்தம் போடுவார். இங்கும் அதுவே வேண்டும். வந்த வரிகள் எத்தனை, அறிக்கையில் சேர்ந்தவை எத்தனை என்னும் இரண்டு எண்களையும் அறிக்கையின் தலைப்பிலேயே காட்டும்படி மேக்ரோவை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் பழக எக்ஸெல் இல்லையெனில், 'லிப்ரே ஆபீஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் மேக்ரோ எழுதலாம்.