கண் காணாத ஏலத்தில் பழம்பொருள் வாங்குவது



ஏலம் என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடகுக் கடையில் மீட்கப்படாமல் போன தாலிக்கொடியும் வளையலும் ஏலத்துக்குப் போவதை நாம் அறிவோம். கோயில் திருவிழா முடிந்ததும் சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் கூறி, கடையில் சில காசுக்குக் கிடைக்கும் பழத்தை நூறு வெள்ளிக்கு எடுத்தவரையும் பார்த்திருப்போம். மலாய்க்காரர்கள் இதை லேலோங் என்பார்கள். ஏலம், லேலோங் ஆகிய இரண்டுமே போர்த்துகீசியரின் சொல் ஒன்றிலிருந்து பிறந்தவை என்பது சொல்லாராய்ச்சியாளர்களின் கருத்து. ஆளுக்கொரு விலை கூவும் பழக்கம் கப்பலேறி வந்தபோது, அதன் பெயரும் கூடவே வந்திருக்கிறது.

இன்று நாம் பேசப்போகும் ஏலத்தில் கூவுகிறவரும் இல்லை, கூட்டமும் இல்லை. கைத்தொலைபேசியில் ஒரு படம், அதன் கீழே ஒரு விலை, பக்கத்தில் நிமிடம் நிமிடமாய்க் குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். லயத்து வீட்டைக் காலி செய்து நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பங்கள் பல. அப்படிப் போகும்போது தாத்தாவின் பாட்டுப் பெட்டியையும், பாட்டி சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்த பழைய வெள்ளிக் காசையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். "அதுபோல ஒன்று வீட்டில் இருந்தால் நன்றாயிருக்குமே" என்ற ஆசை அவர்களுக்கு வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசையை மோப்பம் பிடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

இணைய ஏலத்தைப் பெரிய அளவில் நடத்திக்காட்டியது ஈபே என்னும் அமெரிக்க நிறுவனம். பியர் ஒமிட்யார் என்பவர் 1995ஆம் ஆண்டு செப்டம்பரில் அதை வேறொரு பெயரில் தொடங்கினார். அங்கு முதன்முதலில் விற்றது ஒரு லேசர் சுட்டுகோல். அதுவும் பழுதானது. அதை ஒருவர் 14 டாலர் 83 காசுக்கு எடுத்தார். பழுதென்று தெரிந்தேதான் எடுத்தார். உலகத்தில் எந்தப் பொருளுக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறான் என்பதை அந்த முதல் விற்பனையே காட்டிவிட்டது.

இந்த ஏலத்தில் ஒரு புது முறை உண்டு. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். நீங்கள் ஐந்து ஐந்து வெள்ளியாக ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. "இதற்குமேல் ஒரு காசும் தரமாட்டேன்" என்ற உச்ச விலையை ஒரே முறை சொல்லிவிட்டால் போதும். கணினி உங்களுக்காக ஏலம் கேட்கும். உங்கள் உச்சம் 200 வெள்ளி, இன்னொருவரின் உச்சம் 150 வெள்ளி, ஒவ்வொரு ஏற்றமும் 5 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பொருள் உங்களுக்கு 155 வெள்ளிக்குக் கிடைக்கும். 200 கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் உச்சம் இன்னதென்று மற்றவருக்குத் தெரியவும் தெரியாது. இரண்டாவது ஆளின் விலையே வென்றவர் கொடுக்கும் விலையாகும்போது, ஒவ்வொருவரும் மனத்தில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே நல்லது என்று வில்லியம் விக்ரி என்னும் பொருளாதார அறிஞர் 1961இலேயே எழுதினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கைப்பேசியைத் தொடுமுன் ஒரு தாளில் தொகையை எழுதுங்கள். வீட்டுக்காரியோ வீட்டுக்காரரோ பார்க்கும்படி எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் "வேறொருவர் உங்களை முந்திவிட்டார்" என்று செய்தி வரும். கை துடிக்கும். இன்னும் பத்து வெள்ளிதானே என்று தோன்றும். அந்தப் பத்து, பத்து முறை வரும். அந்த நேரத்தில் நாம் கேட்பது பொருளையல்ல, முகம் தெரியாத ஒருவனோடு மல்லுக்கு நிற்கிறோம். சில தளங்களில் கடைசி நொடி வரை பேசாமலிருந்து, முடியும்போது பாய்கிறவர்களும் உண்டு. ஜப்பானியத் தளம் ஒன்றில் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாரேனும் கேட்டால், இன்னும் ஐந்து நிமிடம் தானாகவே நீளும்படி விற்பவர் வைத்துக்கொள்ளலாம். எந்த முறையானாலும், தாளில் எழுதிய தொகைதான் உங்கள் தொகை.

இன்னொன்றும் உண்டு. பத்துப் பேர் ஒரு பொருளை மதிப்பிட்டால், சிலர் குறைத்து மதிப்பிடுவார்கள், சிலர் கூட்டி மதிப்பிடுவார்கள். ஏலத்தில் வெல்வது யார்? எல்லாரையும்விட அதிகமாய்க் கூட்டி மதிப்பிட்டவர்! எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த அமெரிக்க நிறுவனங்கள் இப்படித்தான் நட்டப்பட்டன என்று மூன்று பொறியாளர்கள் 1971இல் எடுத்துக்காட்டினார்கள். எண்ணெய் நிறுவனத்துக்கே அந்தக் கதி. படத்தைப் பார்த்து மட்டும் வாங்குகிற நாம் நம் மதிப்பிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொண்டே கேட்க வேண்டும். விற்பவரே தம் உறவினரை விட்டு விலையேற்றுவதும் நடக்கிறது. தளங்கள் அதைத் தடைசெய்துள்ளன. என்றாலும் முழுதும் ஒழிந்துவிடவில்லை.

தாளில் எழுதும் தொகையில் வேறு செலவுகளும் அடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து 300 வெள்ளிக்கு ஒரு பொருள், அனுப்பும் கட்டணம் 90 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 வெள்ளிக்கு மேற்படாத வெளிநாட்டுச் சரக்கை இணையத்தில் வாங்கினால் நூற்றுக்குப் பத்து விற்பனை வரி என்பது 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் நடப்பு. பொருளின் விலைக்கு 30 வெள்ளி வரி. ஆக 420 வெள்ளி. 500க்கு மேற்பட்டால் சுங்கத்துறையின் கணக்கு வேறு. பெரிய ஏல நிறுவனங்களில் கேட்ட விலைக்கு மேல் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்று வாங்குபவரிடமே தரகும் பிடிப்பார்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். பழைய தமிழ்ப் படங்களில் பணக்காரர் வீட்டுக் கூடத்தில் பெரிய பித்தளைப் புனலோடு ஒரு கிராமபோன் நிற்கும். பெட்டியில் நாய் ஒன்று புனலுக்குள் காதைக் கொடுத்துக் கேட்கும் படம். ஏலத் தளங்களில் இன்று அதிகம் ஏமாற்றும் பொருள் இதுதான். இவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் புதிதாய்க் கட்டப்பட்டவை. உடைந்த சிறு பெட்டிகளிலிருந்து இயந்திரத்தைப் பிடுங்கி, புது மரப்பெட்டியில் பொருத்தி, புதுப் புனலை மாட்டி, நாய்ப் படத் தகட்டை ஆணியடித்து விற்கிறார்கள். மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ஒரு கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டி எட்டுப் பட்டையாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள், மேற்கொண்டு பார்க்க வேண்டாம். அசலில் புனல் பெரும்பாலும் சாயம் பூசிய தகரமாகவோ மரமாகவோ இருக்கும். பித்தளையும் உண்டு. ஆனால் நூறாண்டுப் பித்தளை நேற்று வாங்கிய குடம் போல் ஒரே சீராய்ப் பளபளக்காது. புனலைத் தாங்கும் பின்பக்க வளைவு தடித்து முரடாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பெட்டியைத் திறந்து இயந்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அசல் வைத்திருப்பவர் மகிழ்ச்சியோடு அனுப்புவார். மற்றவர் "பார்த்தால் தெரியாதா, பழசுதான்" என்பார்.

பாட்டுக் கேட்கத்தான் ஆசை என்றால் புனலை மறந்துவிட்டு, கைப்பிடியோடு தூக்கிச் செல்லும் சிறு பெட்டியைத் தேடுங்கள். ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் 102 என்னும் வகை 1931இல் வந்தது. கணக்கற்றவை செய்யப்பட்டதால் இன்றும் கிடைக்கிறது. போலி செய்வதில் அவ்வளவு இலாபமும் இல்லை. எஃகு ஊசியைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் ஓட்டினால் தட்டின் வரிகள் தேய்ந்து பாட்டே போய்விடும்.

அடுத்தது காசு. ரிங்கிட்டை நாம் இன்றும் வெள்ளி என்றே சொல்கிறோம். ஒரு காலத்தில் அது உண்மையிலேயே வெள்ளியாக இருந்ததுதான் காரணம். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் வெட்டுவெட்டான விளிம்பைக் குறித்தது. நீரிணைக் குடியேற்ற நாடுகளுக்கென எட்வர்ட் மன்னர் தலையோடு 1903இல் அச்சிட்ட ஒரு வெள்ளிக் காசின் எடை 26.95 கிராம். பிறகு வெள்ளியின் விலை ஏறியது. காசை உருக்கி விற்பதே இலாபம் என்ற நிலை வரவே, 1907இல் காசைச் சிறிதாக்கினார்கள். அதன் எடை 20.21 கிராம். ஆகவே, காசைத் தராசில் வைத்து எண் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். இரண்டு மூன்று கிராம் குறைந்தால் அது வெள்ளியல்ல. வந்த காசைக் காந்தத்திடம் காட்டுங்கள். ஒட்டினால் நிச்சயம் போலி. ஒட்டாவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, ஏனென்றால் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. காசின் உச்சியில் பற்றுவைத்த தழும்பு இருந்தால் அது யாரோ ஒரு தாயின் கழுத்தில் தொங்கிய காசு. சேகரிப்பாளர் அதற்கு விலையைக் குறைப்பார். வீட்டில் வைக்க வாங்குகிற நமக்கு அது குறையா நிறையா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1942 முதல் 1945 வரை அளவில்லாமல் அடித்துத் தள்ளிய நோட்டு அது. போர் முடிந்ததும் செல்லாது என்று அறிவித்தார்கள். சேமித்து வைத்தவர்கள் கையில் வெறும் தாள்தான் மிஞ்சியது. அவ்வளவு மிகுதியாக அச்சிட்டதால், எழுத்து மட்டும் உள்ள சாதாரண நோட்டு இன்றும் மலிவு. "மிக அரிது" என்று தலைப்பிட்டு நூற்றுக்கணக்கில் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். வரிசை எண் உள்ள முந்திய நோட்டுகளுக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஒரே எண் இரண்டு விற்பனையாளர் படங்களில் தென்பட்டால் ஒன்றாவது நகல்.

பணம் கட்டும் இடம்தான் வழுக்குப் பாறை. "தளத்தின் வழியே வேண்டாம், நேரே என் வங்கிக் கணக்கில் போடுங்கள், இருபது வெள்ளி குறைத்துத் தருகிறேன்" என்று விற்பவர் தனியே செய்தி அனுப்பினால், அந்த இருபதுக்கு ஆசைப்படாதீர்கள். தளத்துக்கு வெளியே போன பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. ஈபேயில் தளத்தின் வழியே கட்டியிருந்தால், விவரித்தபடி பொருள் இல்லாதபோது, வந்து சேர்ந்த 30 நாளுக்குள் முறையிடலாம். உள்நாட்டுக் கணக்கு எண்ணைப் போலீசாரின் செமாக் மியூல் பக்கத்தில் முன்கூட்டியே பார்க்கலாம். அதற்குமேலும் பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே, அந்த மணியிலேயே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் தாவுமுன் தடுத்தால்தான் பலன்.

பொட்டலம் வந்ததும் பிள்ளைகளில் ஒருவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு, பிறகு பிரியுங்கள். முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், பிரிக்கும் கை தெரிய வேண்டும், பொருள் வெளியே வருவதும் தெரிய வேண்டும். பழைய இசைத்தட்டு வாங்குவோருக்கு இது இன்னும் அவசியம். அந்தத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை, கை தவறி விழுந்தால் ஓடு போல் உடையும். கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டி, பிறகு பெட்டிக்குள் எப்பக்கமும் அசையாதபடி அடைத்து அனுப்ப வேண்டும் என்று ஏலம் கேட்குமுன்பே எழுதிக் கேட்டு, விற்பவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.