கோசோவில் குவாட் வண்டிச் சுற்றுலா

கோசோவில் குவாட் வண்டிச் சுற்றுலா என்பது, மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவான கோசோவை, வழிகாட்டியைப் பின்தொடர்ந்து நான்கு சக்கர மோட்டார் வண்டிகளில் சென்று பார்க்கும் முறையாகும். ஏறத்தாழ 67 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இத்தீவை மால்ட்டாவுடன் இணைக்கும் பாலம் எதுவும் இல்லை. பயணிகள் சிர்க்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் ஏறி, சுமார் 25 நிமிடங்களில் இம்ஜார் துறைமுகத்தை அடைவர்.

பார்க்கும் இடங்கள்

செம்மணல் நிறைந்த ரம்லா கடற்கரை, ஷ்வெய்னி உப்பளங்கள், துவெய்ரா பாறைக்கரை ஆகியவை முக்கியமானவை. கி.மு. 3600 அளவில் கட்டத் தொடங்கப்பட்ட ஜிகாந்தியா கோயில்கள் 1980 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

வண்டியும் பாதுகாப்பும்

குவாட் வண்டியின் அகன்ற, காற்றழுத்தம் குறைந்த சக்கரங்கள் கரடுமுரடான தரையை நன்கு பற்றும். ஆனால் இதன் ஈர்ப்பு மையம் உயரமாகவும், சக்கரங்களுக்கு இடையேயான அகலம் குறைவாகவும் இருப்பதால், சரிவிலோ விரைவான திருப்பத்திலோ கவிழக்கூடும். எனவே ஓட்டுநர் திரும்பும் பக்கமாக உடலைச் சாய்க்க வேண்டும்; தலைக்கவசமும் அணிய வேண்டும். மால்ட்டாவில் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன.

சூழல்

கோசோவின் நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. துவெய்ராவின் புகழ்பெற்ற பாறை வளைவான நீலச் சாளரம், கடலரிப்பால் நலிவுற்று, 2017 மார்ச் 8 அன்று புயலின்போது இடிந்து வீழ்ந்தது. அது இயற்கையின் செயல். பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணும் அதில் வளரும் குறுஞ்செடிகளும் சக்கரங்களால் எளிதில் சிதையும். மீள நீண்ட காலம் ஆகும். வழிகாட்டி தேர்ந்த தடத்தை விட்டு விலகாதிருப்பது, பயணியைப் போலவே தீவையும் காக்கும்.