சங்கு ஊதிய சாலையில் சைக்கிள்

எழுபதுகளில் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர்களிடம் காலை நேரத்து டி.எச். ரோட்டை, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் சைக்கிளைத்தான் சொல்வார்கள். வடக்கே திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி ஆலை. அதற்கும் அப்பால் எண்ணூரில் அசோக் லேலண்ட், 1970 முதல் அனல்மின் நிலையம். சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்டியாக வேண்டும். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் தொங்க, பேன்ட் கால் செயினில் மாட்டாமல் மடித்துவிட்டுக்கொண்டு, ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சாலையை நிறைத்துப் போவார்கள். பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்ப்பார். பிறகு அவர்கள் வேகத்துக்கே வருவார்.

அன்றைக்கு அது உல்லாசம் இல்லை, பிழைப்பு. 1949-ல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் ஒன்று வீட்டுக்கு வந்தால் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள். கால் எட்டாதவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள். டபுள்ஸ் போனாலும், ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனாலும் போலீஸ் பிடிக்கும். சைக்கிளையும் ஒரு வண்டியாக மதித்த காலம்.

அந்தக் காலத்தின் கைவேலை இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றில் சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சக்கரத்தைச் சுழலவிட்டு, கட்டைவிரல் நகத்தை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் வைத்துக்கொள்வார். ரிம் எந்த இடத்தில் நகத்தை உரசுகிறதோ, அங்கே சக்கரத்தை நிறுத்தி, ஒரு ஸ்போக்கைக் கால் சுற்று முறுக்கி, எதிர்ப்பக்கத்து ஸ்போக்கைக் கொஞ்சம் தளர்த்துவார். மறுபடி சுழற்றுவார். உரசல் நின்ற பிறகுதான் கையெடுப்பார். இன்று அவர் முன்னால் தலைகீழாக நிற்பது டிஸ்க் பிரேக் வைத்த கியர் சைக்கிள். கை மட்டும் அதே கை.

சாலைதான் கைமாறிவிட்டது. முதலில் மொபெட் வந்தது, பிறகு பைக். 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்ததில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டின. அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர்வரை நீண்டபோது திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் சாலை நடுவே தூண்கள் நின்றுவிட்டன. நடுச்சாலையில் போன சைக்கிள் மண் ஓரத்துக்கு வந்துவிட்டது. மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை வடசென்னைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பொழுதுபோக்காக சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஈ.சி.ஆருக்குப் போகலாம். இங்கே வேலைக்காக மிதிக்கிற வடமாநிலத் தொழிலாளியும் பால்காரரும் எங்கே போவார்கள்? டிரெய்லருக்குத் தனித் தடம் யோசிக்கிறவர்கள் இவர்களுக்கு ஐந்தடி விடக் கூடாதா?

இவ்வளவு இருந்தும் இந்த வடக்கு வழி, சென்னையில் சைக்கிளுக்கு வாய்த்த மிக நல்ல வழி என்றே நம்புகிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஞாயிறு விடியற்காலை போதும். கல்மண்டபம் தாண்டி, 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களைப் பார்த்துவிட்டுக் காசிமேட்டுக்குப் போய்த் திரும்பலாம். மீன் ஏலக் கூச்சலும் ஐஸ் உடைக்கும் சத்தமும் அங்கே உச்சத்தில் இருக்கும்.

கொஞ்சம் கால் பழகியவர்கள் கடலோரமாகவே எண்ணூர் முகத்துவாரம்வரை போகலாம். வழிநெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறது. கடலுக்குள் தூண்டில் வளைவுகள் நீள்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பியபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை அரிபட்டுக்கொண்டே போனது. காரில் போகிறவருக்குக் கல் மட்டும்தான் தெரியும். சைக்கிளில் போனால் குப்பத்து வீட்டு வாசலுக்கும் அலைக்கும் நடுவே மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று கண்ணால் அளந்துவிடலாம். முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படிந்து, மீனவர்கள் கையால் அள்ளிய இடமும் அதுதான். அழகு பார்க்கப் போகிறவர்கள் இதையும் பார்க்கட்டும்.

நெஞ்சுரம் உள்ளவர்களுக்குப் பழவேற்காடு. டி.பி.பி. ரோட்டில் மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போகக் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் வரும். மேடே கிடையாது என்று தெம்பாகக் கிளம்புகிறவர்களைக் காற்று தடுத்து நிறுத்தும். மார்கழியில் வாடை முகத்தில் அடிக்கும். போவது பாடு, திரும்புவது சுகம். சித்திரை, வைகாசியில் தலைகீழ். விடியலில் சுலபமாகப் போய்விடுவீர்கள், திரும்பும்போது கடல்காற்று எதிர்த்து நிற்கும். பொன்னேரி தாண்டினால் டிரெய்லர் சத்தம் அடங்கி வயல்கள் வரும். பிறகு ஏரி. பனிக்காலமானால் பூநாரைகள். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் அது. அவர்கள் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இருபுறமும் நிற்கின்றன.

போகிறவர்கள் பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள். பஞ்சர் சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். திரும்பும்போது பத்து மணிக்குள் மீஞ்சூரைத் தாண்டிவிடுங்கள். அதற்குமேல் வெயிலும் டிரெய்லர்களும் சேர்ந்துகொள்ளும்.