வளைவாழ் செவ்வுளுவை

உளுவை மீன்களுள் ஒன்றான இது, கழிமுகங்களிலும் ஆழம் குறைந்த கடலோரங்களிலும் உள்ள மென்சேற்றில் வளை தோண்டி வாழ்கிறது. இதன் அறிவியல் பெயர் டிரைபாச்சென் வஜைனா. ஏறத்தாழ 20 செ.மீ. வரை வளரும் நீண்ட தட்டையான உடலில் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வால்துடுப்போடு இடைவெளியின்றி இணைந்திருப்பதால், முதற்பார்வையில் இதை விலாங்கு என்று கருத இடமுண்டு. ஆனால் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றுகூடிக் கிண்ணம்போல் அமைந்திருப்பது இது உளுவையே என்பதைக் காட்டிவிடும். வெளிச்சம் எட்டாத சேற்று வாழ்க்கையில் கண்கள் மிகச் சிறுத்து, தோலுக்கு அடியில் புள்ளிகளாக ஒடுங்கிவிட்டன.

செவுள்மூடிக்குச் சற்று மேலே, பக்கத்திற்கு ஒன்றாக உள்ள சிறு குழியே இம்மீனில் மிகவும் வியப்புக்குரியது. செவுளுக்குச் செல்லும் வாயில்போல் தோன்றினாலும், அது உட்புறம் அடைபட்ட வெறும் பை. கிரேக்க மொழியில் துளை, கழுத்து என்னும் பொருள் தரும் சொற்கள் இணைந்து ‘டிரைபாச்சென்’ என்ற பேரினப் பெயர் உருவானதும் இதனால்தான்.

அப்போது டேனிஷ் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டே இவ்வினம் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக் எழுதத் தொடங்கி, 1799இல் அவர் மறைந்தபின் ஷ்னைடர் நிறைவு செய்த மீனியல் நூலில், 1801இல் அவ்விவரிப்பு வெளியாயிற்று. உயிருள்ள மீனின் இளஞ்சிவப்பு நிறம் பதப்படுத்திய உடலில் மங்கிவிடும். ஆகவே, பதப்படுத்திய மீனைக் காணும் பார்வையாளர்கள் நிறத்தை விடுத்து, செவுளுக்கு மேலுள்ள குழியை உற்று நோக்குக.