தோட்டத்துப் பெண் எப்போது கதாநாயகி ஆவாள்?

மலேசியாவின் பேராக்கைக் களமாக வைத்து எழுதி, கடல் கடந்தும் பேசப்பட்ட நாவல் ஒன்று உண்டு. யாங்சே சூ எழுதிய 'தி நைட் டைகர்'. 2019இல் வெளிவந்தது. ஹாலிவுட் நடிகை ரீஸ் விதர்ஸ்பூன் தன் வாசகர் வட்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார். கதை 1931இல், ஈப்போவிலும் பத்து காஜாவிலும் நடக்கிறது. ரென் என்ற பதினொரு வயது வேலைக்காரப் பையன், இறந்துபோன தன் எஜமானரின் வெட்டுப்பட்ட விரலை 49 நாளுக்குள் தேடிப் பிடித்து அவர் குழியில் சேர்க்க வேண்டும். தவறினால் அவர் ஆவி அலையும். இன்னொரு பக்கம், அம்மாவின் மாஜோங் கடனை அடைக்க வீட்டுக்குத் தெரியாமல் நடன விடுதிக்கு ஆடப் போகிறாள் ஜி லின். நடுவில், மனிதனாக மாறும் புலி ஒன்று உலவுவதாக ஊரெல்லாம் பேச்சு. படிவம் நான்கில் படிக்கும் என் மகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்து முடித்து, "படிச்சுப் பாருங்கம்மா" என்று என்னிடம் நீட்டினாள். எனக்கும் தூக்கம் போனது.

நல்ல கதை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் தோட்டத்துத் தமிழ்ப் பெண் எப்படி வருகிறாள்? அம்பிகா என்று ஒருத்தி. வெள்ளைக்கார டாக்டரோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தவள். புலி அடித்துப் போட்டதாகச் சொல்லப்படும் பிணமாக ரப்பர் காட்டில் கிடக்கிறாள். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுத வந்தது வேறு ஆட்களின் கதை. இருந்தாலும், என் அம்மா மரம் சீவியவர். அந்தக் காலத்து ரப்பர் காட்டுக்குள் ஒரு நாவல் நுழைகிறது என்றால் அவர் வயதில், அவர் சாயலில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடும். மகளிடம் சொன்னேன். "நானும் கவனிச்சேன்மா. எப்பவும் அப்படித்தானே?" என்றாள். பதினாறு வயதுப் பெண் இதை அலுப்போடு சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் வீட்டில் வந்து சேர்ந்த புத்தகங்களை எல்லாம் இந்த ஒரு கேள்வியோடுதான் படித்தேன்.

அடுத்தது பிரீதா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே'. 2008இல் வந்த ஆங்கில நாவல். தலைப்பு குறுந்தொகைப் பாட்டு ஒன்றின் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தது. ஈப்போவில் பெரிய வீடு, வக்கீல் அப்பா, மனம் கசந்த அம்மா, வயதான பாட்டி, அமெரிக்காவுக்குப் படிக்கப் போகத் துடிக்கும் மூத்தவள் உமா, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆறு வயது ஆஷா. இவர்கள் வீட்டு வேலைக்காரிதான் செல்லம். பாட்டியின் சாவுக்குப் பழியைச் சுமந்துகொண்டு அவள் வெளியேற்றப்படுகிறாள். அந்தப் பழியில் ஆஷாவின் பொய்க்கும் பங்கு உண்டு.

இந்த நாவலை நான் மெச்சுவது ஒரு காரணத்துக்காக. நம்மிடையே உள்ள மேல் கீழை, படித்த தமிழ்க் குடும்பம் வறிய தமிழ்ப் பெண்ணை நடத்தும் இலட்சணத்தை, இவ்வளவு கூச்சமில்லாமல் எழுதியவர் குறைவு. நம் கதைகளில் கொடுமைக்காரர் யார்? துரை, கிராணி, கங்காணி, ஜப்பான்காரன். ஈப்போ பங்களாவில் காப்பி ஆற்றிக் குடிக்கும் நம் அத்தையும் அந்த வரிசையில் நிற்கலாம் என்று இந்த நாவல் சொல்கிறது. ஆனாலும் கதை நெடுக நாம் இருப்பது பெரிய வீட்டுக்காரர்களின் தலைக்குள்தான். செல்லத்தின் பரிதாபம் தெரிகிறது. அவள் ராத்திரி படுத்துக்கொண்டு என்ன கனவு கண்டாள் என்று தெரிவதைவிட உமாவின் கனவு எனக்கு நன்றாகத் தெரியும். மொழியும் கெட்டி, காலம் பின்னால் பின்னால் போகும் கதை. பதினேழு வயதுக்கு முன் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

டான் துவான் எங்கின் 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' 2012இல் புக்கர் இறுதிப் பட்டியலுக்குப் போன நாவல். அதன் களமான கேமரன் மலைக்கு அந்தக் காலத்தில் எங்கள் தாப்பா சாலைதான் வழி. அந்த ஆசையில்தான் வாங்கினேன். எனக்குப் பிடித்தது. மகள் ஐம்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டாள். அவளை வற்புறுத்தவில்லை.

அவள் என்னைப் படிக்க வைத்ததில் மிகச் சிறந்தது ஹன்னா அல்காஃப் எழுதிய 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை'. அசல் இளையோர் நாவல். 1969 மே 13 இனக் கலவரத்தில் கோலாலம்பூரில் அம்மாவைத் தேடி அலையும் பதினாறு வயது மலாய்ப் பெண் மெலாத்தியின் கதை. அவளுக்குள் ஒரு ஜின் உட்கார்ந்து, எண்ணி எண்ணித் தட்டாவிட்டால் உன் அம்மா செத்துப்போவாள் என்று மிரட்டிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு டாக்டரிடம் போனால் அதற்கு ஓசிடி என்று பெயர் சொல்லிவிடுவார். 1969இல் யார் சொல்வது? இப்போதும் நம் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை கதவைத் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்த்தால், முதலில் மந்திரித்த கயிறுதான் கட்டுவோம். நாட்டின் பெரிய காயத்தையும் ஒரு பெண்ணின் மண்டைக்குள் நடக்கும் சண்டையையும் ஒரே கதையில் பின்னிய கைத்திறனைப் பார்த்து அசந்துபோனேன். மெலாத்தியைக் காப்பாற்றி வீட்டில் வைத்துக்கொள்வது ஒரு சீனக் குடும்பம். புத்தகத்தின் தொடக்கத்திலேயே, இதில் வன்முறையும் மரணமும் மனப்பதற்றமும் வருகின்றன, உங்களைப் புண்படுத்தும் என்றால் படிக்காமல் வைத்துவிடுங்கள் என்று ஆசிரியர் எச்சரிக்கிறார். விற்பனைக்குப் பார்க்காமல் வாசகப் பிள்ளையை மதித்த செயல் அது.

நான் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்த வரலாற்றுப் பாடத்தில் மே 13 சில வரிதான். என் மகளுக்கு அது ஒரு நாவல். அதைப் படித்த பிறகு அவள் தன் தாத்தாவிடம் போய், "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க தாத்தா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்படி ஒரு புத்தகம் தமிழில் ஏன் என் கைக்கு வரவில்லை?

ஒரு காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு என்பது சட்டம். ஆக, பிள்ளை சொந்தமாக நாவல் பிடித்துப் படிக்கத் தொடங்கும் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தமிழ் அவன் கையை விட்டுப் போகிறது. எழுதுகிறவருக்கு அந்த வயதில் வாசகர் இல்லை. வாசகருக்கு அந்த வயதில் புத்தகம் இல்லை. யார் முதலில் அசைவது?

சிறுவர்களுக்கு எழுத ஆள் இருக்கிறார்கள். படிவம் ஒன்றில் இருக்கும் என் மகன், கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' நாவலைச் சோறு மறந்து படித்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. தப்பான தொடுகையைப் பற்றி, பயமுறுத்தாமல், பேசும் பொம்மை ஒன்றை வைத்துச் சொல்கிறது. பத்து வயது பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம். அதற்கு மேலே வந்தால்தான் படிக்கட்டு உடைந்துபோகிறது. நேராகப் பெரியவர்களின் நாவல்.

அந்தப் பெரியவர்களின் நாவலில் ஒன்றை மகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', 1993இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான்காரன் 415 கிலோமீட்டருக்குப் போட்ட தண்டவாளத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். உலகம் வெள்ளைக்காரக் கைதிகளை வைத்து ஹாலிவுட் படம் எடுத்தது. நம் ஆட்களுக்கு நம் எழுத்தாளர்கள்தான் மிச்சம். அவளுக்குக் கதை பிடித்தது, ஒரு காரணத்துக்காக: அதில் அப்பாவைத் தேடிப் போகிறவன் இளைஞன். அவன் கண்ணால் பார்ப்பதால் அவளால் தொடர்ந்து போக முடிந்தது. மற்ற தோட்ட நாவல்கள் சிலவற்றில் முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டாள். "எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்கம்மா" என்றாள். எனக்கு வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் தவறில்லை. நம் தோட்ட நாவல்கள் பலவும் இழந்துபோனவர் சொல்லும் சாட்சியம். அது வேண்டும்தான். அதே தோட்டத்து லயன் வீட்டில் ஒரு பெண்பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டு அசட்டுத்தனமாக ஏதாவது நினைத்திருப்பாளே, அதை எழுத ஆளில்லை.

கே.எஸ். மணியம் அதை ஒரு பையனுக்குச் செய்தார். 1981இல் வந்த 'தி ரிட்டர்ன்'. கெடாவில் வளரும் ரவி தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறி, மெல்ல மெல்லத் தன் அப்பாவுக்கே அந்நியன் ஆகிறான். இளையோர் நாவல் என்று யாரும் அதற்கு முத்திரை குத்தவில்லை. என் கணக்கில் மலேசியத் தமிழ்ப் பிள்ளை படிக்க வேண்டிய முதல் இளையோர் நாவல் அதுதான். என்ன செய்வது, அவரும் அதை ஆங்கிலத்தில்தான் எழுதினார்.

இன்னொரு வேடிக்கை. மலேசியத் தமிழ் நாவல் ஒன்றின் பெயரை என் மகள் தானாகவே என்னிடம் சொன்னது ஒரே முறைதான்: ம. நவீனின் 'பேய்ச்சி'. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்த செய்தி அவள் கைப்பேசிக்கு வந்திருந்தது.

எஸ்.இ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியபோது பள்ளி மாணவி. 1967இல் அது வெளிவந்தபோது வயது 18. தன் வயதுக்காரர்கள் உண்மையில் வாழும் வாழ்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்ற எரிச்சலில் எழுதினார். அமெரிக்க இளையோர் இலக்கியத்தின் தொடக்கம் என்று இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். எங்கள் ஊரிலும் அந்த எரிச்சல் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். செம்பனைக் காட்டை ஒட்டிய தமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் நெடுஞ்சாலை ஓய்விடக் கடையில் வேலை பார்க்கிறார்கள். மூன்று மொழியில் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்குப் பால்வெட்டுத் தெரியாது, பாட்டி சொல்லித்தான் தெரியும். அவர்களை வைத்துத் துப்பறியும் கதை எழுதலாம், பேய்க்கதை எழுதலாம், காதல் கதை எழுதலாம். அம்பிகாவைப் போலச் சாகடிக்காமல் பிழைக்க வைத்தால் போதும்.

நாவல் போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவிப்பில் 13 முதல் 17 வயது வாசகர்களுக்கான நாவல் என்று தனிப் பிரிவு ஒன்றைச் சேருங்கள். கதை சொல்பவரும் அந்த வயதுக்காரராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். நடுவர் குழுவில் படிவம் நான்கு மாணவர் இருவரையாவது உட்கார வையுங்கள்.